கார்த்திகை மழையில் வீரிருப்பு

டிசம்பர் 4, மறுகால்தலை

சீவலப்பேரி பஸ்ஸில் ஏறி, மறுகால்தலை போகிற இடத்தில் இறக்கிவிடச் சொன்னேன். "அங்க யாரு வீட்டுக்கு?" என்றார் கண்டக்டர். யார் வீட்டுக்கும் இல்லை, பாறை பார்க்க என்றதும் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சில்லறை எண்ணப் போய்விட்டார். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன், ஐம்பத்து நான்கு வயதில்தான் முதல்முறையாக இங்கே வருகிறேன் என்று சொல்லியிருந்தால் இன்னொரு பார்வையும் கிடைத்திருக்கும்.

விட்டு விட்டு மழை. பூவிலுடையார் மலை என்று பெயர். முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் பாறைக்கு அடியில் ஒரு குகைத்தளம், அதில் கல் படுக்கை. ஊரில் கேட்டால் பஞ்ச பாண்டவர் படுக்கை என்பார்கள். தமிழ்நாட்டில் பாண்டவர்கள் படுக்காத பாறை எது?

பாறையில் ஒரே ஒரு வரி, தமிழி என்கிற பழைய தமிழ் பிராமி எழுத்தில். 1906-இல் கண்டுபிடித்தார்கள். "வெண் காஸிபன் கொடுபித கல் கஞ்சணம்." வெண் காஸிபன் என்பவன் கொடுப்பித்த கல் படுக்கை என்று பொருள் சொல்கிறார்கள். ஒற்றெழுத்தை இரட்டிக்காமல் வெட்டியதால் கொடுப்பித்த என்பது கொடுபித ஆகிவிட்டது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட எழுத்து. இன்றைக்கு வாட்ஸப்பில் வருகிற தமிழோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை.

எனக்குப் பிடித்தது அந்த வினைச்சொல். கொடுத்த இல்லை, கொடுப்பித்த. தச்சனைத் தேடி, கூலி பேசி, அவன் பாறையைச் செதுக்கி முடிக்கும்வரை சோறு போட்டு, அப்புறம் துறவிகள் கையில் ஒப்படைத்திருப்பான். இவ்வளவு அலைச்சலும் அந்த ஒரு "பித"வுக்குள் இருக்கிறது. படுத்தவர்கள் பௌத்தர்கள் என்று முதலில் எழுதினார்கள், பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் சமணர்கள் என்றார்கள். யாராக இருந்தாலும் மழைக்காலத்தில் ஊர் ஊராக நடக்காமல் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது இரு தரப்புக்கும் விதி. நடந்தால் காலடியில் புழு பூச்சியும் முளைத்த பயிரும் மிதிபடும்.

இந்த மாதிரிக் குகைகளில் முகப்புப் பாறையில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வழிகிற நீர் உள்ளே வராமல் அந்தக் கோட்டோடு நின்று வெளியே சொட்டிவிடும். கொஞ்ச நேரத்தில் மழை வலுத்தது. எனக்கு முன்னால் தண்ணீர் திரை மாதிரி விழுந்தது. கையை நீட்டினால் நனையும். உட்கார்ந்திருந்த கல் மட்டும் காய்ந்தே இருந்தது. நான் தங்கப்போகும் விடுதி அறையும் இப்படி இருந்தால் சரி.

இங்கே வந்ததற்குக் காரணம் நாளைய பயணம்தான். சங்கரன்கோவில் பக்கம் வீரிருப்பில் ஜப்பானியப் பௌத்த மரபினரின் உலக அமைதிக் கோபுரம் இருக்கிறது. 2020-இல் திறந்தார்கள். இந்த வாரம் அவர்களுக்குத் தவ வாரம். சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கும் என் கல்லூரித் தோழன் நேற்று போனில் சொன்னது ஒன்றே ஒன்று: "ஏல, மடத்துக்கு வெறுங்கையோட வந்துராத."

சரி என்று ஜங்ஷனில் இறங்கி இரண்டு கிலோ அல்வா வாங்கிவிட்டேன். திருநெல்வேலிக்காரன் வேறென்ன வாங்குவான்?

டிசம்பர் 5, வீரிருப்பு

மானூர், தேவர்குளம், பனவடலிசத்திரம் வழியாகச் சங்கரன்கோவில். கரிசல் காடு முழுக்க ஈரம் குடித்துக் கறுத்துக் கிடந்தது. காற்றாலைகள் அசையாமல் நின்றன. தோழன் ஆட்டோ ஏற்பாடு செய்திருந்தான். அவன் வரவில்லை, தறியில் பாவு ஏற்றுகிற நாளாம்.

சுற்றிலும் வயலும் கரிசலுமாக இருக்கிற இடத்தில் திடீரென்று ஒரு வெள்ளைக் குமிழ். மழை மேகத்துக்கு முன்னால் அந்த வெள்ளை கண்ணைப் பறித்தது. ஆட்டோக்காரர், "புத்தர் கோயில் வந்துட்டு சார்" என்றார். கோபுரம், பகோடா, ஸ்தூபி என்ற வம்பெல்லாம் அவருக்கு இல்லை.

கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன்பே சத்தம் கேட்டது. டம், டம், டம் என்று ஒரே சீராக ஒரு கொட்டு, கூடவே இழுத்துச் சொல்கிற மந்திரம்: நா மு மியோ ஹோ ரென் கே கியோ. தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலுக்கு வணக்கம் என்பது அதன் சாரம். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஜப்பானில் நிச்சிரென் என்ற துறவி வகுத்த வழி. அதில் வந்த நிப்போன்சான் மியோஹோஜி என்ற சங்கத்தை நிறுவியவர் நிச்சிதாட்சு புஜி. 1885-இல் பிறந்து 1985-இல் இறந்தார். 1931-இல் இந்தியா வந்து, 1933-இல் வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவரைக் குருஜி என்று அழைத்தார், இந்த மந்திரம் ஆசிரமப் பிரார்த்தனையிலும் சேர்ந்தது. ஹிரோஷிமா, நாகசாகிக்குப் பிறகு இனி அமைதிக்காக ஸ்தூபி கட்டுவது என்று இறங்கினார். முதலாவது 1954-இல் ஜப்பானில் குமமோட்டோவில். இந்தியாவில் ராஜகிரில் 1969, லேயில் 1991, டார்ஜிலிங்கில் 1992. அந்த வரிசையில்தான் நம் கரிசல் காட்டு வீரிருப்பும்.

படியேறிச் சுற்றி வந்தேன். பிறகு அல்வாப் பொட்டலத்தோடு பிரார்த்தனைக் கூடத்து வாசலில் போய் நின்றேன். பக்கத்து ஊரிலிருந்து வந்து தொண்டு செய்யும் ஓர் அக்கா எட்டிப் பார்த்தார். நெய் மணம் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

"அல்வாவா அண்ணாச்சி?"

"ஆமாக்கா. மடத்துக்கு."

அவர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றுப்போனார். "இன்னிக்கு அஞ்சாம் நாளு. உள்ள இருக்கவங்க ஒண்ணாந்தேதில இருந்து தண்ணி மட்டுந்தான் குடிக்காங்க."

தவ வாரம் என்றால் தியானம், பாராயணம் என்று நினைத்துக்கொண்டு வந்த என் அறிவை என்ன சொல்ல? ரோஹாட்சு என்று பெயர். பன்னிரண்டாம் மாதத்து எட்டாம் நாள் என்று அர்த்தம். நம் ஊரிலும் இலங்கையிலும் புத்தரின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் மூன்றையும் வைகாசிப் பௌர்ணமியோடு சேர்த்துக் கொண்டாடுகிறோம். ஜப்பானியர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 8 பிறப்பு, டிசம்பர் 8 ஞானம், பிப்ரவரி 15 பரிநிர்வாணம். ஞானத்துக்கு முந்தைய நாட்களை விரதமாக இருப்பது இந்தச் சங்கத்து வழக்கம். முழு வாரமும் இருப்பவர் உண்டு, மூன்று நாள் இருப்பவர் உண்டு, ஒரு நாளோடு முடித்துக்கொள்பவரும் உண்டு.

அல்வாவை என்ன செய்வது? அக்கா அதை ஒரு தகர டப்பாவில் போட்டு, டப்பாவை ஒரு சாக்கில் சுற்றி, சாக்கை அடுக்களை மேல்தட்டில் தூக்கி வைத்தார். "எறும்புக்கு இல்ல அண்ணாச்சி. வாசத்துக்கு."

வேறு என்னதான் தேவைப்படும் என்று கேட்டேன். விரல் மடக்கிச் சொன்னார்: விளக்குக்கு எண்ணெய், கட்டு ஊதுபத்தி, மேற்குப் பக்கம் சாரல் அடிப்பதால் ஒரு தார்ப்பாய், எட்டாம் தேதிக்குப் பாலும் பூவும். "அப்புறம், உக்காந்து கொட்டு அடிக்க ஆள்." கடைசியாகச் சொன்னது காசு கொடுத்து வாங்க முடியாதது என்பதால், நாளைக்கு நானும் விரதம் என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

டிசம்பர் 6, வீரிருப்பு

நேற்று ராத்திரி விடுதிக்கு எதிர்க்கடையில் நாலு புரோட்டா சாப்பிட்டேன். விரதத்துக்கு முன்னேற்பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடுதி அறை நனைந்தது, மறுகால்தலை மாதிரி இல்லை. கட்டிலை நகர்த்திப் போட்டுப் படுத்தேன்.

வரும் வழியில் ஓர் ஊரில் கம்பிக்கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று அவர் நினைவு நாள். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவியவர், அந்த டிசம்பர் 6-லேயே போய்விட்டார். அதற்கு வெகு முன்னால், 1898-இலேயே சென்னையில் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிவிட்டார். தமிழ்நாட்டில் பௌத்தம் பற்றிப் பேசும்போது ஜப்பானிலிருந்து மட்டும் ஆரம்பிப்பது சரியில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து நாலைந்து பையன்கள் பத்து மணிவாக்கில் பைக்கில் இங்கேயும் வந்து, கோபுரத்தைச் சுற்றி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

கையில் கொடுத்த கொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனையோலை விசிறி மாதிரியே இருக்கிறது. வட்டமான வளையத்தில் ஒரே பக்கம் இழுத்துக் கட்டிய தோல், கீழே கைப்பிடி. இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கைக் குச்சியால் அடிக்க வேண்டும். இங்கே வருகிற பெண்கள் அதற்கு விசிறிக் கொட்டு என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஜப்பானிய மொழியிலும் அதே பெயர்தானாம், உச்சிவா என்றால் விசிறி.

முதல் அரை மணி நேரம் சுலபம். அப்புறம் இடது கட்டைவிரலின் அடிச்சதை வலிக்கத் தொடங்கும். பசியைவிட அதுதான் முதலில் வந்தது. பதினொரு மணிக்கு எங்கிருந்தோ ரசத்துக்குத் தாளிக்கும் வாசனை. பெருங்காயம் தெரிந்தது, சீரகம் தெரிந்தது, கறிவேப்பிலை கொஞ்சம் தீய்ந்துவிட்டதும் தெரிந்தது. பசித்தவன் மூக்குக்கு இவ்வளவு புலமை உண்டு என்று இதுவரை எனக்குத் தெரியாது. ஒரு மணிக்கு எதுவும் தெரியவில்லை. மூன்று மணிக்குத் தலை லேசாக, வாய் கசப்பாக, மந்திரம் தானாகவே போய்க்கொண்டிருந்தது.

பெரிய சிக்கல் வேறு. மூன்று நாள் மழையில் தோல் ஈரம் இழுத்துத் தொய்ந்துவிட்டது. டம் என்று ஒலிக்க வேண்டியது தொப், தொப் என்று சேற்றில் மிதித்த மாதிரிக் கேட்டது. வெளியே திண்ணையில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஒரு பெரியவர் எவ்வளவு நேரம்தான் அதைப் பொறுத்துக்கொள்வார்? உள்ளே தலையை நீட்டி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"தம்பி, கொட்டு செத்துக் கெடக்கு. அனல் காட்டாம அடிச்சா எப்படி?"

அவர் மேளக்காரர். ஐம்பது வருடமாகக் கோயில் கொடைகளுக்குக் கொட்டு அடித்தவர். அக்காவிடம் கதம்பை வாங்கி, திண்ணை ஓரமாகத் தீ மூட்டி, தீ அடங்கிக் கங்கு ஆகும்வரை பீடி குடித்தபடி காத்திருந்தார். பிறகு ஒரு விசிறிக் கொட்டை எடுத்துக் கங்குக்கு ஒரு முழம் மேலே பிடித்து, தோசை திருப்புகிற மாதிரித் திருப்பித் திருப்பிக் காட்டினார். நடுநடுவே விரல் நகத்தால் ஓரத்தில் ஒரு தட்டு, காதருகே ஒரு தட்டு. "பறைக்குக் காட்டுத சூட்டுல பாதி போதும். இது மெல்லிசுத் தோலு. கூடப் போனா வெடிச்சுரும்." நகத்தில் தட்டிய சத்தம் மெல்ல மெல்ல ஏறியது. தொப், தப், டப். கடைசியில் டண் என்று ஒன்று விழுந்ததும், என் கையில் கொடுத்து, அடுத்ததை எடுத்தார். இப்படியே எல்லாக் கொட்டுக்கும்.

துறவி வெளியே வந்து அவருக்கு முன்னால் நன்றாகக் குனிந்து கும்பிட்டார். இந்தச் சங்கத்தில் எதிரில் யார் வந்தாலும் அப்படித்தான் கும்பிடுவார்கள், புத்தராகப் போகிறவருக்குச் செய்கிற வணக்கம் என்று. பெரியவர் பதறிப்போய்ப் பீடியை மறைத்தார். "அய்யோ, கும்பிடாதீய சாமி." உள்ளே வந்து உட்காரச் சொல்லி அக்கா கூப்பிட்டார். கொடைக்கெல்லாம் வாசலுக்கு வெளியே நின்று அடித்தே பழகியவர். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, காலை இரண்டு தடவை கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். மந்திரம் சொல்லவில்லை. ஆனால் அவர் அடிக்க ஆரம்பித்ததும் எங்கள் எல்லார் கையும் நேரானது.

டிசம்பர் 7, சங்கரன்கோவில்

காலையில் இட்லி. எத்தனை என்று எழுதப்போவதில்லை.

இன்றைக்கு மளிகை வேலை. எண்ணெய், ஊதுபத்தி, தார்ப்பாய் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. பூச்சந்தையில்தான் திகைத்து நின்றேன். பனியும் மழையுமாக மல்லி வரத்தே இல்லை, கார்த்திகை முகூர்த்தம் வேறு. விலையைக் கேட்டுவிட்டு இன்னொரு முறை கேட்டேன், அதே விலைதான் சொன்னார்கள். கேந்திப் பூவும் பச்சையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தோழனின் தறிச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பேசியதில் ஒரு விஷயம் பிடிபட்டது. இலங்கை, பர்மாவில் துறவிகளின் மழைக்காலத் தங்கல், வஸ்ஸா என்பது, ஆடிப் பௌர்ணமிவாக்கில் தொடங்கி ஐப்பசிப் பௌர்ணமியோடு முடியும். புத்தர் நடந்த கங்கைக் கரைக்கு அதுதான் மழைக்காலம். நம் பக்கம் அந்த மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழும், சங்கரன்கோவிலுக்கு வெறும் ஆடிக்காற்றுதான், புழுதிதான். இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆக மழைக்காகவே வைத்த வஸ்ஸா இந்த ஊரில் வெயிலில் போய் விழும், மழைக்குச் சம்பந்தமே இல்லாத ரோஹாட்சு அசல் மழைக்காலத் தங்கலாகிவிடும்.

வஸ்ஸா முடிந்த ஒரு மாதத்துக்குள் கடின தானம் என்று ஒரு விழா, ஊரார் துணி கொடுக்க, அதே நாளில் சீவரம், அதாவது துறவியின் ஆடை, தைத்து முடிக்க வேண்டும் என்று சொன்னேன். தோழன் பாவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "ஒரே நாள்லயா? எங்க தறியில கரண்டு போகாம இருந்தா முடிச்சுரலாம்."

சாயங்காலம் பொருட்களைக் கொண்டுபோய்த் தார்ப்பாய் கட்டினோம். மழை விட்டு மேற்கே மலைத்தொடர் முழுசாகத் தெரிந்தது. தெற்கே போகப் போக அதே தொடரில்தான் பொதிகை. அங்கே இருந்த அவலோகிதர் என்ற போதிசத்துவரிடம்தான் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் என்ற பழைய இலக்கண நூல் சொல்கிறது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் அவலோகிதரின் இருப்பிடமாக எழுதிய போதலக மலை பொதிகைதான் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. பாபநாசத்துக்கு நான் நூறு முறையாவது குளிக்கப் போயிருப்பேன். அகத்தியர் கதை சொல்ல ஆள் இருந்தது, அவலோகிதர் பெயரை ஒருவரும் சொன்னதில்லை.

டிசம்பர் 8, வீரிருப்பு

இருட்டோடு வந்துவிட்டோம், தோழனும் பால் கேனும் நானும். விடிவெள்ளியைப் பார்த்தபோது சித்தார்த்தருக்கு ஞானம் கிடைத்தது என்பது இவர்கள் மரபு. வானம் மூடியிருந்ததால் எங்களுக்கு வெள்ளி தெரியவில்லை.

அடுக்களையில் பால்சோறு. ஞானத்துக்கு முன் எலும்பும் தோலுமாக இருந்தவருக்கு சுஜாதை கொடுத்தது பால்சோறு என்பதால் இன்றைக்கு அதுதான். ஒரு வாரம் வெறும் தண்ணீரில் இருந்தவர்களுக்குத் தனியாக நீர்த்த கஞ்சி, மற்றவர்களுக்குப் பெரிய பாத்திரத்தில் பச்சரிசியும் பாலும். கிண்டும் பொறுப்பு எனக்கு. வெளியே பிரார்த்தனையின் கடைசிப் பகுதி, கொட்டு வேகம் எடுத்தது, பெரியவர் அடிக்கிற கொட்டு தனியாகக் கேட்டது, நான் கரண்டியோடு வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஒரு நிமிடம்தான் நின்றேன் என்று நினைக்கிறேன். திரும்பினால் அடிப்பிடித்த வாசனை.

பதற்றத்தில் கரண்டியை ஆழமாக விட்டேன். அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டார். "அடியைக் கிண்டாதீங்க அண்ணாச்சி, கிண்டினா மொத்தமும் போச்சு." தீயை இழுத்துவிட்டு, மேலாக இருந்ததை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டார். அடியில் இருந்த பழுப்புப் பொருக்கை அப்படியே விட்டுவிட்டார். பரிமாறியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தோழன் மட்டும் முதல் வாயில் என்னைப் பார்த்தான்.

துறவி கஞ்சிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி நெற்றிவரை உயர்த்திவிட்டு, ஒவ்வொரு மிடறாக, வெகு மெதுவாகக் குடித்தார். அவர் முடிக்கும்வரை யாரும் பேசவில்லை.

அப்புறம் சாக்கு இறங்கியது, டப்பா திறந்தது. நாலு நாள் ஆகியும் அல்வா கெடவில்லை, நெய் மட்டும் ஓரத்தில் உறைந்திருந்தது. விரதம் முடித்த வயிற்றுக்கு நெய் ஆகாது என்று துறவி கும்பிட்டு மறுத்துவிட்டார். பெரியவர் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, பேத்திகளுக்கென்று வாழை இலையில் கொஞ்சம் மடித்துக்கொண்டார். மீதி வந்த கூட்டத்தோடு போய்விட்டது.

அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கிற வேலை நியாயமாக எனக்கே வந்தது. தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து கேந்திப் பூக் கூடையைக் கவிழ்த்து உதறினார். மல்லி வாங்க முடியாமல் போனதைச் சொன்னேன்.

"ஏப்ரல் எட்டுக்கு வாங்க அண்ணாச்சி. புத்தர் பொறந்த நாளு. குழந்தைப் புத்தரைப் பூவுக்குள்ள நிறுத்தி இனிப்புத் தேத்தண்ணி ஊத்துவாங்க. அப்ப மல்லி மலிவா கெடக்கும், கூடையாவே வாங்கிரலாம்." இரண்டடி போய்த் திரும்பினார். "அல்வாவும் கொண்டாங்க. அன்னிக்கு விரதம் கிடையாது."